காவல் கருவிக்குள் புகுந்த ட்ரைட்டன்

சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலை 2017 ஜூன் மாதம் திடீரென்று தானாக நின்றுபோனது. ஏதோ கருவிக் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினார்கள். ஆகஸ்டில் மீண்டும் நின்றது. இந்த முறை துருவிப் பார்த்தபோது, ஆலையின் பாதுகாப்புக் கன்ட்ரோலருக்குள் வெளியாள் ஒருவர் எழுதிய நிரல் உட்கார்ந்திருந்தது. பின்னாளில் அதற்கு 'ட்ரைட்டன்' என்று பெயர் வந்தது. உயிர் காக்கும் கருவியைத் தாக்குவதற்கென்றே எழுதப்பட்ட தீம்பொருள் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது அதுதான் முதல் முறை.

இத்தகைய ஆலைகளில் இரண்டு வகைக் கன்ட்ரோலர்கள் உண்டு. ஒன்று அன்றாட வேலைக்கு: வெப்பம், அழுத்தம், ஓட்டம் எல்லாவற்றையும் அதுதான் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, வருடக்கணக்கில் எதுவும் செய்யாமல் கவனித்துக்கொண்டே இருக்கும். அளவு எல்லை மீறினால் மட்டும் வால்வுகளை மூடி ஆலையை நிறுத்திவிடும். குக்கரில் விசில் அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு திறந்துகொள்கிறதே, அந்த வேலைதான். ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சு வாயு ஓடும் இடத்தில் இந்தக் கருவி கண்ணயர்ந்தால் மனிதர்கள் சாவார்கள்.

அந்த ஆலையில் இருந்தது ஷ்னைடர் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ட்ரைகோனெக்ஸ். அதனுள் மூன்று செயலிகள் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடுகின்றன. ஒன்று மாறான விடை சொன்னால் மற்ற இரண்டின் தீர்ப்பே செல்லும். பொறியியலில் இது ஒரு சாதனை என்றே சொல்ல வேண்டும். மூன்று செயலிகள் ஒரே நாளில், ஒரே விதமாகப் பழுதாகும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனால் இந்தக் கணக்கு தற்செயலான பழுதுக்கு மட்டுமே பொருந்தும். கெடுக்க வேண்டும் என்று வருகிறவர் மூன்றுக்கும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொடுத்துவிட முடியும்.

கன்ட்ரோலரின் முகப்பில் ஒரு சாவி இருக்கிறது. ரன், புரோகிராம், ஸ்டாப், ரிமோட் என்று அதற்கு நான்கு நிலைகள். 'ரன்' நிலையில் வைத்தால் வலைப்பின்னல் வழியாகப் புதிய நிரலை ஏற்ற முடியாது. மாற்றம் செய்ய வேண்டியவர் நேரில் வந்து சாவியைத் திருப்ப வேண்டும். அந்த ஆலையில் சாவி 'புரோகிராம்' நிலையிலேயே விடப்பட்டிருந்தது. பொறியாளரின் கணினியைத் தொலைவிலிருந்து கைப்பற்றியவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சாவியைத் திருப்ப மறந்தவர் மீது பழிபோடுவது எளிது. மனிதர் மறப்பார் என்பதை எதிர்பார்த்து வடிவமைப்பதுதான் பொறியியல். சாவி அந்த நிலையில் நின்றால் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அடிக்க வேண்டும் என்று பிறகு வலியுறுத்தினார்கள்.

ஆலை தப்பியது எப்படி? தாக்கியவர்களின் நிரலில் பிசகு. செயலிகள் ஒன்றையொன்று சரிபார்த்தபோது கணக்கு ஒத்துப்போகவில்லை. சந்தேகம் வந்தால் நிறுத்து என்ற விதிப்படி கன்ட்ரோலர் ஆலையை நிறுத்தியது. மாஸ்கோவில் உள்ள ஓர் அரசு ஆய்வு நிறுவனத்துக்கு இதில் பங்கு உண்டு என்று கூறி, 2020 அக்டோபரில் அமெரிக்கா அதன்மீது தடை விதித்தது.

வீட்டு வாசலில் நிற்கும் பொருளிலும் இதே ஓட்டை இருக்கலாம். 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றைத் தொலைவில் உட்கார்ந்தபடியே வேகமிழக்கச் செய்து காட்டினார்கள். பாட்டு கேட்கவும் வழி பார்க்கவும் வைத்த கருவிக்கு செல்பேசி இணைப்பு இருந்தது. அங்கிருந்து காரை இயக்கும் உள்வலைக்கும் வழி இருந்தது. இரண்டையும் இணைத்தவர்கள் வசதியை மட்டுமே நினைத்திருப்பார்கள். அமெரிக்காவில் சுமார் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

விபத்துத் தடுப்புக்கு ஐஇசி 61508, ஆலை வலைப்பின்னல்களின் காவலுக்கு ஐஇசி 62443 எனத் தனித்தனி தரநிலைகள் வளர்ந்தன. பல நிறுவனங்களில் இரண்டையும் பார்க்கிறவர்கள் வெவ்வேறு துறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். வரைபடம் போடும் நாளிலேயே இவர்கள் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும். அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம் வளர்த்தெடுத்த அணுகுமுறை இங்கே உதவுகிறது: ஊடுருவியவர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு, அவரால் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் எது என்று முதலில் கேட்பது. அதைத் தடுக்க, எந்த நிரலுக்கும் கட்டுப்படாத ஒன்றை வைப்பது. அழுத்தம் கூடினால் ஸ்பிரிங்கின் பலத்தை மீறித் தானாகவே திறக்கும் வால்வை எந்தத் தீம்பொருளாலும் மாற்றி எழுத முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த புதிய இயந்திரச் சட்டம் இரண்டு துறைகளையும் சேர்த்தே பேசுகிறது. 2027 ஜனவரி முதல் அங்கே விற்பனைக்கு வரும் இயந்திரங்களில், பாதுகாப்பு தொடர்பான நிரலை யாரும் சிதைக்க முடியாதபடி காவல் இருக்க வேண்டும். அதில் யாராவது கைவைத்தால், முறையாகச் செய்திருந்தாலும் திருட்டுத்தனமாகச் செய்திருந்தாலும், இயந்திரமே அதன் தடயத்தைப் பதிந்து வைக்க வேண்டும்.