எங்களைக் கேட்காமல் மாறும் கணனி

எம்மவர் வீடுகளில் கணனி இல்லாத வீடு இன்று அரிது. வேலைக்கு விண்ணப்பிப்பதும், வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதும், பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதத்திற்குப் பதில் போடுவதும் அதற்குள்ளால்தான். அந்தக் கணனி இரவோடிரவாக ‘அப்டேட்’ என்று எதையோ இறக்கிக்கொள்கிறது. விடிந்து பார்த்தால் நாங்கள் வைத்திருந்த தேடுபொறியைக் காணோம், வேறொன்று வந்து குந்தியிருக்கிறது. எங்களை யார் கேட்டது?

இதை ஏதோ தற்செயலான கோளாறு என்றுதான் எங்களில் பலர் நினைத்துக்கொள்கிறோம். 2015 யூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, பழைய விண்டோஸிலிருந்து ‘எக்ஸ்பிரஸ்’ என்ற சுருக்கு வழியால் மாறியவர்களுக்கு, பயர்பொக்ஸோ குரோமோ எதை வைத்திருந்தாலும் மைக்ரோசொப்டின் எட்ஜ் முன்னுக்கு வந்து நின்றது. பயர்பொக்ஸை வெளியிடும் மொசில்லாவின் தலைவர் கிறிஸ் பியேர்ட், மைக்ரோசொப்ட் தலைவர் நாதெல்லாவுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார். அதற்கு முந்திய வருடம் அமெரிக்காவில் பயர்பொக்ஸின் தேடுபொறியைக் கூகிளிலிருந்து யாகூவுக்கு மாற்றியதும் இதே மொசில்லாதான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2017இல் திரும்பவும் கூகிளுக்குப் போனார்கள்.

2020 ஜனவரியில் மைக்ரோசொப்ட் இன்னும் ஒரு படி போனது. வேலைத்தலங்களில் பாவிக்கும் ஒபிஸ் மென்பொருளின் அப்டேட்டோடு, குரோமின் தேடுபொறியைப் பிங் ஆக்கும் துண்டொன்றும் சேர்ந்து வரும் என்று அறிவித்தது. கணனிப் பொறுப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பெப்ரவரியிலேயே, தானாக இறங்காது, விரும்பியவர்கள் மட்டும் போடலாம் என்று இறங்கி வந்தது.

ஐரோப்பாவில் விசயம் தண்டப்பணம் வரை போனது. எந்த உலாவி வேண்டும் என்று பாவனையாளரைக் கேட்கும் திரையைக் காட்டுவதாக மைக்ரோசொப்ட் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் 2009இல் ஒப்புக்கொண்டிருந்தது. 2011இல் வந்த விண்டோஸ் 7 சேர்விஸ் பாக்கோடு அந்தத் திரை மறைந்து போனது. ஒன்றரைக் கோடி பேருக்கு அது காட்டப்படவில்லை. 2013 மார்ச்சில் விழுந்த தண்டம் 56 கோடி 10 லட்சம் யூரோ.

ஏன் இந்த இழுபறி? காசுதான். அப்பிளின் சபாரி உலாவியில் தான் முதலாவதாக நிற்பதற்காக 2022இல் மட்டும் கூகிள் 2000 கோடி டொலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளியே வந்தது. பெட்டிக்குப் பெட்டி எண்ணிக் கூலி வாங்கும் எங்களுக்கு இந்தத் தொகையில் எத்தனை பூச்சியம் என்று எண்ணவே நேரம் போகிறது.

பெரிய கொம்பனிகளின் சண்டை, எங்களுக்கென்ன என்று விடவும் முடியாது. பழகிய தேடுபொறியில் எது விளம்பரம், எது அரசாங்கப் பக்கம் என்று எங்கள் அம்மாமாருக்கும் கண் பழகிவிட்டது. புதியது வந்தால் அந்தப் பழக்கம் உதவாது. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கலியாணத்திற்குக் கனடா போக வெளிக்கிட்டு, மேலே முதலாவதாக நின்ற இடத்தில் ஈ-ரிஏ அனுமதிக்குப் பணம் கட்டியது. கனடா அரசாங்கம் அதற்கு வாங்குவது 7 கனேடிய டொலர். இவர்கள் ஆளுக்குப் பல மடங்கு கட்டினார்கள், ஐந்து பேருக்கு.

உலாவியின் ‘செற்றிங்ஸ்’இல் ‘சேர்ச்’ என்ற பகுதிக்குள் போனால் பழைய தேடுபொறியைத் திரும்பத் தெரிவு செய்யலாம். செய்தும் மறுநாள் மாறினால், ‘எக்ஸ்ரென்சன்’ பட்டியலில் நீங்கள் போடாதது ஏதும் இருக்கிறதா என்று பார்த்து அகற்றுங்கள். அரசாங்கப் பக்கங்களைத் தேடிப் போக வேண்டாம். வந்த கடிதத்திலுள்ள முகவரியை அப்படியே மேலே அடித்து ‘புக்மார்க்’ பண்ணி வையுங்கள். வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் ஐந்து நிமிட வேலை.