மாரி மழையும் உயர்தரப் பரீட்சையும்: வன்னியில் பாடசாலை யாருக்கு?

வன்னியில் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். காலபோக நெல்லும் குளங்களும் இந்த மாரியை நம்பியே இருக்கின்றன. 2024, 2025ஆம் ஆண்டுகளின் க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் இதே மாதங்களுக்குள் வந்தது. இதனால் ஒரே பாடசாலை பரீட்சை மண்டபமாகவும் வெள்ளத்தால் இடம்பெயர்ந்தவர்களின் தங்குமிடமாகவும் தேவைப்படும் நிலை உருவானது. இதைப் பற்றி நாம் போதியளவு பேசவில்லை என்று நினைக்கிறேன்.

இங்கு வெள்ளம் வரும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிறு குளங்கள் நிரம்பி வான் பாயும். இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், தண்ணீர் கனகராயன் ஆறு வழியே கீழிறங்கி, கண்டாவளை, கரைச்சிப் பிரதேசங்களின் தாழ்ந்த கிராமங்களுக்குள் புகும். வீட்டைவிட்டு வெளியேறும் சனம் முதலில் போவது பாடசாலைக்குத்தான். கல் கட்டடம், கிணறு, மலசலகூடம், சமைக்க இடம் என எல்லாம் ஒரே வளவுக்குள் இருப்பது பல கிராமங்களில் அங்கு மட்டுமே. 2009இல் யுத்தத்திலிருந்து வந்த மக்களை வவுனியாவின் பாடசாலைகளும் தாங்கின.

2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். அந்த வருடத்தின் உயர்தரப் பரீட்சை மாதங்களுக்கு முன்னரே முடிந்திருந்தது. சாதாரண தரப் பரீட்சையும் டிசம்பர் நடுப்பகுதிக்கு முன் நிறைவடைந்து, பாடசாலைகள் விடுமுறையில் இருந்தன. கதவைத் திறந்துவிடுவதில் சிக்கல் இருக்கவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு நாட்காட்டி குழம்பியது. 2021ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் தொடங்கியது. பிந்திய தவணைகளைச் சரிசெய்துவரும்போது, 2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் 25இல் ஆரம்பமானது. இரண்டே நாட்களில் மழையால் இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. 2025இல் நவம்பர் 10இலேயே தொடங்கியும் பயனில்லை. டிட்வா புயலால் பரீட்சை நின்று, மீதிப் பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின.

சாதாரண தரப் பரீட்சையும் முன்னர் டிசம்பரில்தானே நடந்தது என்று சிலர் கேட்கலாம். அது ஏறத்தாழ பத்து நாட்களில் முடிந்துவிடும். உயர்தரம் வாரக்கணக்கில் நீள்கிறது. பல்கலைக்கழக அனுமதியையும் அதன் இஸட் புள்ளிதான் தீர்மானிக்கிறது. பரீட்சையை ஒத்திவைப்பது நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான முடிவு. ஆனால் அந்த இடைவெளி எல்லோருக்கும் ஒன்றல்ல. நகரத்துப் பிள்ளை அந்த நாட்களில் இன்னொரு தடவை மீட்டிப் படிக்கும். தாழ்நிலக் கிராமத்துப் பிள்ளை நனைந்த கொப்பிகளோடு, தங்குமிடத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மழை விட்டாலும் வேலை முடிவதில்லை. வகுப்பறைகளைக் கழுவி, கிணறுகளை இறைத்துக் குளோரின் இட்ட பிறகே பரீட்சை நடத்தலாம். தங்கியிருந்தவர்களை அவசரமாக வீடு திரும்பச் சொன்னால், சேறு காயாத வீட்டுக்குத்தான் அவர்கள் போகவேண்டும்.

பரீட்சையை மாரியிலிருந்து நகர்த்துவது கொழும்பில் எடுக்கவேண்டிய முடிவு. அதற்கு முன்னரே மாவட்ட மட்டத்தில் செய்யக்கூடியவை உண்டு. பரீட்சை நிலையங்களின் பட்டியலையும் இடைத்தங்கல் முகாம்களின் பட்டியலையும் செப்டெம்பரிலேயே வலயக் கல்விப் பணிமனையும் பிரதேச செயலகங்களும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால், பொதுநோக்கு மண்டபத்தையோ கோவில், தேவாலய மண்டபத்தையோ தங்குமிடமாக முன்கூட்டியே தயார்செய்யலாம். வான் பாயும் வீதிகளுக்கு அப்பாலுள்ள பரீட்சார்த்திகள் யார் என்பது அதிபர்களுக்குத் தெரியும். மழைக்கு முன்பே அவர்களுக்கு நிலையத்தருகே தங்க இடம் ஒழுங்குசெய்யலாம்.

மாரி வருவது எதிர்பாராத அனர்த்தம் அல்ல. வருடாவருடம் வருவதற்கு வருடாவருடம் ஆயத்தமாக இருப்பதுதான் நிர்வாகம்.