செல் பிரிய ஒரு வைட்டமின்

கர்ப்பம் உறுதியானதும் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளில் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ஆனால் அது கர்ப்பத்துக்கு முன்பே உடலில் சேர்ந்திருக்க வேண்டிய சத்து. காரணம் செல்லுக்குள் இருக்கிறது.

பெருத்தும் பிரியாத செல்

ஒரு செல் இரண்டாகும் முன் தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். 46 குரோமோசோம்கள், 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்து இணைகள். எழுத்துகளோ அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என நான்கே. ஆர்என்ஏவில் தைமினுக்குப் பதில் யுராசில் இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு ஒற்றைக் கார்பன் தொகுதிதான். அதைக் கொண்டுவந்து சேர்த்து, தைமின் உருவாகச் செய்வது ஃபோலேட் என்னும் வைட்டமின்; மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் அதன் செயற்கை வடிவம்.

ஃபோலேட் குறைந்தால் தைமினுக்குத் தட்டுப்பாடு வரும். ஆர்என்ஏவுக்குத் தைமின் தேவையில்லை என்பதால் புரத உற்பத்தி தொடரும், செல்லும் பெரிதாகும். டிஎன்ஏ மட்டும் படியெடுக்க முடியாமல் திணறும். எலும்பு மஜ்ஜையில் ஓயாமல் பிரியும் செல்களே முதலில் அடிபடும். ஊதிய, முதிராத ரத்த அணுக்களால் சோகை வரும். அசதி, மூச்சிரைப்பு, நாக்கில் எரிச்சல் எல்லாம் அதன் அறிகுறிகள்.

கண்டறிந்தவர்கள்

1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், கர்ப்பிணிகளிடம் இந்தச் சோகையைக் கண்டார். ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதிலிருந்த சத்துதான் ஃபோலேட் என்பது பிறகு தெரிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதே குழு ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கும் மருந்தையும் உருவாக்கியது. 1948-இல் பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதைக் கொடுத்து, ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோயைத் தணித்தார். வேதிச்சிகிச்சை வரலாற்றில் இது பெரிய திருப்பம் என்பேன். அந்த வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது.

முதல் 28 நாட்கள்

எலும்பு மஜ்ஜையைப் போலவே செல்கள் வேகமாகப் பிரியும் இன்னொரு இடம் கரு. அதில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், பரிசோதனையில் இரண்டு கோடு பார்த்து, மருத்துவரிடம் போவதற்குள் அந்தக் கெடு பெரும்பாலும் முடிந்திருக்கும். குழாய் சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டு பிளவுடன் பிறக்கலாம். முன்பு இப்படிப் பாதிப்புள்ள கருவைச் சுமந்த பெண்களிடம் நடந்த ஆய்வில், ஃபோலிக் அமிலம் 72 சதவீதப் பாதிப்பைத் தடுத்தது. 1991-இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட முடிவு இது.

என்ன செய்யலாம்?

கீரை, பயறு, கொண்டைக்கடலை அடிக்கடி சாப்பிடுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சத்து அதில் இறங்கியிருக்கும். ஆனால் கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்கு உணவு மட்டும் போதாது. குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும். வலிப்பு மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், முந்தைய கர்ப்பத்தில் இந்தப் பாதிப்பு இருந்தவர்கள் ஆகியோருக்கு அளவு கூடலாம். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சோகை இருந்தால் பி12 அளவையும் பாருங்கள். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் சோகை மறையும், நரம்புச் சேதமோ தொடரும்.

குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால், கர்ப்பம் உறுதியாகட்டும் என்று காத்திராமல் இந்த மாதமே மருத்துவரிடம் கேளுங்கள்.