கொள்ளைநோய் ஊரை விட்டுப் போகாத போதகர்

1527 ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகருக்குள் கொள்ளைநோய் நுழைந்தது. பல்கலைக்கழகம் யேனா நகருக்கு இடம் மாறியது. மாணவர்களில் பெரும்பாலானோர் மூட்டை கட்டினார்கள். குடும்பத்தோடு கிளம்பிவிடும்படி சாக்சனியின் ஆட்சியாளர் யோகான், மார்ட்டின் லூத்தருக்கும் கடிதம் அனுப்பினார். லூத்தர் போகவில்லை. அப்போது அவர் மனைவி கத்தரீனா கர்ப்பிணி. மகன் ஹான்ஸுக்கு ஒரு வயது.

அவரைப் பயமே அறியாத வீரர் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கு முந்தைய மாதம்தான் மயங்கி விழுந்து, இத்தோடு முடிந்தது என்று மனைவி பிள்ளையிடம் விடைபெறும் அளவுக்குப் போனார். உடம்பு தேறிய பிறகும் மனம் தேறவில்லை. கடவுள் தம்மைக் கைவிட்டாரோ என்ற கலக்கம் நெடுநாள் அவரை வாட்டியது. அந்தக் கலக்கத்தோடுதான் அவர் நோயாளிகளின் படுக்கைக்குப் போனார். நகர மேயரின் மனைவி ஏறக்குறைய அவர் கையிலேயே உயிர்விட்டார். ஊரின் போதகர் பூகன்ஹாகனும் குடும்பத்தோடு லூத்தர் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். அஞ்சியிருந்த இரண்டு வீட்டார் ஒரே கூரையின் கீழ் ஜெபித்தார்கள். நவம்பரில் அந்த வீடே மருத்துவமனையானது. இதற்கு நடுவில், ஊரில் மிஞ்சியிருந்த மாணவர்களுக்கு யோவானின் முதல் நிருபத்தை அவர் நடத்திக்கொண்டிருந்தார்.

பிரெஸ்லாவ் நகரப் போதகர்கள், யோகான் ஹெஸ் வழியாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: கொள்ளைநோய் வந்தால் கிறிஸ்தவன் ஊரை விட்டு ஓடலாமா? அந்த ஆண்டே லூத்தரின் பதில் சிறு நூலாக வெளிவந்தது. உயிருக்குப் பயப்படுவதை அதில் அவர் பாவம் என்று சொல்லவில்லை. கவனிக்க வேறு ஆள் இருந்தால் போகலாம் என்றார். போதகரும் அதிகாரியும் மட்டும் தங்கள் பொறுப்பை விட்டு விலகக் கூடாது. நோயாளியைக் கவனிக்க வேறு ஆளில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரரும் போகக் கூடாது. கடவுள் காப்பார் என்று மருந்தை ஒதுக்குகிறவர்களையும் அவர் கண்டித்தார். மருந்து சாப்பிடுங்கள், வீட்டுக்கும் தெருவுக்கும் புகை போடுங்கள், தேவையில்லாத இடத்துக்குப் போகாதீர்கள் என்றார். கொரோனா நாட்களில் விசுவாசத்தின் பெயரால் முகக்கவசத்தைத் தள்ளியவர்கள் இதைப் படித்திருக்க வேண்டும்.

இந்த நூலில் என்னை உலுக்கிய இடம் ஒன்று உண்டு. நோயாளி அருகே போக நடுங்குகிறவருக்கு லூத்தர் சங்கீதம் 41-ஐ எடுத்துக் காட்டுகிறார். ஆபத்து நாளில் கடவுள் துணையிருப்பார் என்ற வாக்கு அங்கே சிறுமைப்பட்டவர்மேல் சிந்தையுள்ளவருக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. தாழிட்ட அறையில் நமக்காக மட்டும் தேடும்போது அந்த ஆறுதல் பாதிதான் கிடைக்கும் என்று நம்புகிறேன். மீதி, அடுத்தவரின் படுக்கையருகே இருக்கிறது.

2020-ல் நம் வீடுகளில் சங்கீதம் 91 காலையும் மாலையும் ஒலித்தது. அந்த ஜெபங்கள் எத்தனையோ பேரை இரவு தூங்க வைத்தன. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில், கொரோனாவுக்குப் பலியான மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் தாக்கியது. கடைசியில் சக மருத்துவர் ஒருவர் தாமே மண் தள்ளி அவரைப் புதைத்தார். பயம் மனிதரை எந்த எல்லைக்குக் கொண்டுபோகும் என்பதையும், பயத்தின் நடுவிலும் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்பதையும் அந்த ஒரே இரவில் பார்த்தோம்.

லூத்தரின் விசுவாசம் அவர் வீட்டுக்குள் சாவை வரவிடாமல் தடுக்கவில்லை. 1527 டிசம்பரில் பிறந்த மகள் எலிசபெத் அடுத்த ஆகஸ்டில் இறந்துபோனாள். தகப்பன் மனம் உடைந்துபோனார். பிரசங்க மேடையை மட்டும் விடவில்லை.

உங்கள் சபையில் இந்த வாரம் ஆராதனைக்கு வராத நோயாளி யார் என்று விசாரியுங்கள். ஒரு போன் செய்யுங்கள். மருந்தோ கஞ்சியோ தேவைப்பட்டால் கொண்டுபோய்க் கொடுங்கள். கூட உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வாருங்கள்.