பெருநாள் கணக்கு - 5: ஒரு நாளில் எத்தனை வீடு?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் காரை நிறுத்த இடம் தேடி அலைவதையும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் நெரிசலில் தீபாவளிச் சேலைக்குப் பேரம் பேசுவதையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தொல்லைக்காவது வழி உண்டு. கேஎல் சென்ட்ரலில் கொம்முட்டர் ஏறினால் கிள்ளான் நிலையத்தில் இறங்கிக் கடைகளுக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்குள் நடக்கும் தொல்லைக்குத்தான் ரயில் விடவில்லை.

எல்லாவற்றுக்கும் வேர், நாள் போதாமை. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் பொது விடுமுறை, சீனப் புத்தாண்டுக்கும் இரண்டு நாள். தீபாவளிக்கு ஒன்றே ஒன்று. சரவாக்கில் அதுவும் இல்லை. தனியார் துறைக்கு 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 11 பொது விடுமுறைகளைச் சொல்கிறது. அவற்றில் முதலாளி மாற்ற முடியாதவை ஐந்துதான்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். பண்டிகை எதுவும் அந்த ஐந்தில் கிடையாது. பெரும்பாலோர் தீபாவளிக்கு விடுமுறை தந்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த ஒரு நாளுக்குள் எண்ணெய்க் குளியல், கோயில், மாமியார் வீடு, பெரியப்பா வீடு, அலுவலக நண்பர்கள் அத்தனையும் அடங்க வேண்டும். காலையில் முதல் வீட்டில் இட்லியும் ஆட்டிறைச்சிக் குழம்பும் ருசிக்கும். மூன்றாவது வீட்டில் அதே இட்லி, அதே குழம்பு. வேண்டாம் என்றால், "போன வீட்டுல மட்டும் சாப்பிட்டீங்களாம், எங்க வீட்டுச் சோறு கசக்குதா மாப்பிள்ளை?" என்று அத்தை கேட்பார். வாட்ஸ்அப்பில் செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

விருந்தாளியின் வயிற்றையாவது விடலாம், மருந்து இருக்கிறது. விடியுமுன் அடுப்படிக்குள் போன பெண்ணுக்கு என்ன இருக்கிறது? வருகிறவருக்கெல்லாம் தட்டு வைத்து, தட்டு கழுவி முடிக்கையில் இரவாகிவிடுகிறது. அவளுடைய அம்மா வீடு கிள்ளானிலேயே இருந்தாலும் அன்று அவளால் போக முடிவதில்லை. 'திறந்த இல்ல உபசரிப்பு' என்று பெருமையாகச் சொல்கிறோம். உபசரிக்கிறவளுக்கு மட்டும் அன்று கதவு மூடித்தான் கிடக்கிறது. தீபாவளித் தொல்லைகளில் நான் மன்னிக்காதது இது ஒன்றைத்தான்.

அடுத்தது, மிச்சம். ஐஸ் பெட்டி நிறைய ஆட்டுக்கறிப் பிரட்டலும் கோழியும் இருக்கும். தீபாவளியை ஒட்டிய அமாவாசை கழிந்த மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். முருகன் பக்தர் இல்லாத வீடு நம்மில் குறைவு. அப்பா விரதம், அம்மா விரதம், பிள்ளைகளுக்கோ கறியைப் பார்த்தாலே சலிப்பு. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் அங்கேயும் இதே கதை. தீபாவளி வெள்ளிக்கிழமை வந்துவிட்டாலோ கறி சமைக்கலாமா கூடாதா என்ற வழக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும்.

மலாய் நண்பர்களைப் பாருங்கள். ஷவால் மாதம் முழுவதும் உபசரிப்பு நடத்துகிறார்கள். சீனர்களுக்குப் பதினைந்தாம் நாளான சாப் கோ மே வரை புத்தாண்டுதான். நமக்கு மட்டும் பொழுது சாய்ந்தால் முடிந்தது. அரசாங்கத்திடம் இன்னொரு நாள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கிடைக்கும்வரை உபசரிப்பைத் தள்ளி வைக்க யார் அனுமதியும் தேவையில்லை. 2025இல் தீபாவளி அக்டோபர் 20, சஷ்டி விரதத்தின் நிறைவான சூரசம்ஹாரம் அக்டோபர் 27. அதற்கடுத்த சனிக்கிழமை சஷ்டி விரதமும் இல்லை, வேலையும் இல்லை. "தீபாவளி முடிஞ்ச பிறகு என்னடா தீபாவளி?" என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். முதல் வருடம் முணுமுணுத்துவிட்டுச் சாப்பிடுவார்கள்.

ஆகவே வாசகர்களே, வரும் தீபாவளிக்கு உங்கள் குடும்பத்தில் ஒரு வீட்டின் உபசரிப்பையாவது சூரசம்ஹாரம் கழிந்த சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். கறி வாங்குமுன்பே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். தீபாவளியன்று காலை, அந்த வீட்டுப் பெண்ணை முதலில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

(தொடரும்)