ஈரக் கூந்தலும் வெப்பக் காற்றும்

கொள்ளேகால் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பட்டு. 1956 வரையில் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, பின்னர் மைசூர் இராஜ்யத்துடன் இணைந்து, இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் அது. நனைந்த பட்டை முறுக்கிப் பிழியலாகாது, வெயிலில் விரிக்கலாகாது, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும் என்பதைப் பட்டு புழங்கும் வீடுகளில் சிறுமியரும் அறிவர். ஆயினும் அச்சிறுமியரின் கூந்தலையே தலைமுழுக்குக்குப் பின் துண்டினால் முறுக்கி, அடித்து உதறி, நடுவெயிலில் நிறுத்தி உலர்த்துவதை எங்கும் காண்கிறோம். பட்டும் மயிரும் இரண்டுமே புரதத்தால் ஆன இழைகள் அல்லவா? ஒன்றுக்குக் காட்டும் பரிவை மற்றொன்றுக்கு நாம் காட்டுவதில்லை.

மயிரிழையின் மேற்புறத்தில், கூரைக்கு ஓடு வேய்ந்தாற்போல, மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்துள்ளன. அவற்றின் உள்ளே இருப்பது கெரட்டின் என்னும் புரதத்தாலான நார்த்திரள். தண்ணீர் பட்டவுடன் மயிர் தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீரை உறிஞ்சிப் பருக்கிறது. செதில்கள் சற்றே தூக்கிக்கொள்கின்றன. புரதத்தைக் கட்டி நிறுத்தும் பிணைப்புகளுள் ஒரு வகை நெகிழ்ந்துவிடுகிறது. ஆகவே ஈரமயிர் எளிதில் நீளும், எளிதில் அறும். சிக்கெடுக்கும் சீப்பை அந்நேரத்தில் இழுத்து ஓட்டுவோர் கையோடு வரும் மயிரைப் பார்த்துச் சீயக்காயைக் குறை கூறுவதுண்டு. குற்றம் பெரும்பாலும் சீப்பினுடையது.

வெப்பக் காற்றினால் கூந்தலை உலர்த்துவது நமக்குப் புதிதன்று. அகிற்புகை ஊட்டிய கூந்தலைப் பற்றி நம் பழம்பாடல்கள் பேசுகின்றன. எண்ணெய் முழுக்குக்குப் பின் தூபக்காலில் தணலிட்டுச் சாம்பிராணி தூவி, அதன்மேல் மூங்கிற் கூடையைக் கவிழ்த்துக் கூந்தலைப் பரப்பும் வழக்கமும் இருந்தது. மணம் தருவது புகை. உலர்த்துவதோ தணலிலிருந்து எழும் இளஞ்சூட்டுக் காற்றே. கூடை கூந்தலுக்கும் நெருப்புக்கும் இடையே தொலைவைக் காத்து நின்றது. அதை வைத்தவர்கள் வெப்பமானி கண்டவர்கள் அல்லர். ஆனால் கணக்கு சரியாகவே இருந்தது.

இன்று தணலின் இடத்தை மின்சாரம் பிடித்திருக்கிறது. கொள்ளேகாலுக்கு அருகே சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து 1902இல் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். சுரங்க வேலைக்கென்று பிறந்த அச்சக்தி பிற்காலத்தில் கண்ணாடி முன்னே கூந்தல் உலர்த்தவும் வருமென்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்!

ஹேர் டிரையர் என்று கடைகளில் கேட்டு வாங்கும் இக்கருவி மயிரைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். கொரியா நாட்டு மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை கூறுகிறது. மயிர்க்கற்றைகளை முப்பது முறை அலசி, ஒரு தொகுதியைத் தானே உலரவிட்டு, மற்றவற்றை வெவ்வேறு தொலைவில் கருவியைப் பிடித்து உலர்த்தினார்கள். 15 சென்டிமீட்டர் தொலைவில் காற்றின் வெப்பம் 47 டிகிரி. 10 சென்டிமீட்டரில் 61. 5 சென்டிமீட்டரில் 95. வெப்பம் ஏற ஏற மேற்செதில்கள் மிகுதியாகச் சிதைந்தன. வியப்பு என்னவென்றால், தானே உலர்ந்த மயிரின் மேற்புறம் நன்றாயிருந்தும், உள்ளே அணுக்களை ஒட்டி நிற்கும் பசை போன்ற படலம் உப்பிப் பழுதுற்றிருந்தது. நெடுநேரம் நீரில் ஊறியிருப்பதும் ஊறுதான் போலும். 15 சென்டிமீட்டரில் கருவியை ஓயாமல் அசைத்து உலர்த்துவதே குறைந்த கேடு என்று அவர்கள் முடிவு கண்டனர். ஈரக்கூந்தலை அப்படியே கொண்டையிட்டு மாலைவரை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி வீட்டில் செய்யும் முறையைக் கூறுவோம். மெல்லிய பருத்தித் துண்டினால் கூந்தலைத் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். சொட்டுவது நின்று, பெரும்பகுதி ஈரம் துண்டில் ஏறிய பிறகே கருவியை எடுக்கலாம். நீர் நிறைந்த மயிரைக் கடுஞ்சூட்டில் காட்டினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மயிருக்குள்ளேயே குமிழிகளை உண்டாக்கும். அவ்விடத்தில் மயிர் முறியும். கருவியை ஒரு சாண் தொலைவில் பிடித்து, காற்று வேரிலிருந்து நுனியை நோக்கிச் செல்லுமாறு அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டின் போக்கிலே மழைநீர் இறங்குவதைப் போன்றது இது. எதிர்த்திசையில் வீசினால் செதில்கள் கிளர்ந்து சிக்கு விழும். சூட்டைப் புறங்கையில் பார்த்துக்கொள்க. அக்கை தாங்காத சூட்டைத் தலை தாங்காது, குழந்தைகளின் தலை சிறிதும் தாங்காது. சிறிது ஈரப்பசை இருக்கும்போதே நிறுத்திவிட்டு, எஞ்சியதைக் காற்றுக்கு விடலாம். குளிக்குமுன் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கமும் துணைசெய்யும். அது மயிரினுள் ஊடுருவிப் புரதம் கழிவதைக் குறைக்கிறது என்று நம் நாட்டு ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். குளியலறையில் இக்கருவியை எடுக்கவே கூடாது, ஈரக்கையாலும் தொடக்கூடாது. 1,500 வாட் கருவி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கென அமைத்த சிறு பிளக்கில் அதைச் செருகினால் கம்பி சூடேறும். பெரிய பிளக்கே தக்கது. கருவியின் பின்புறச் சல்லடையில் உதிர்மயிரும் தூசும் அடைத்துக்கொண்டால் காற்று குறைந்து சூடு மிகும். மாதம் ஒருமுறை, கருவியைப் பிளக்கிலிருந்து கழற்றிய பின், பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றால் அதைத் துடைத்துவிடலாம்.