அசலைப் போன்ற பாவை

சென்ற ஆண்டு வாணி விழாவுக்கு முதல்நாள். கல்லூரி மண்டபத்திலே மாணவர்கள் தோரணங் கட்டுவதும் கொலுப்படி அடுக்குவதுமாக இருந்தனர். மருதனார்மடம் சந்திக்கு அண்மையில் வசிக்கும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், நீண்ட காகிதப் பெட்டியொன்றைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். தென்னிலங்கைக்குச் சுற்றுலாச் சென்று திரும்பிய அவனுடைய தாய்மாமன் வாங்கிக் கொடுத்த பொருள் அதனுள் இருந்தது. பெட்டியைத் திறந்தபோது, ஒன்றரை அடி உயரமுள்ள மரத்தினாலான அரசன் ஒருவன் பட்டுடையோடும் முடியோடும் வெளிப்பட்டான். பொம்மலாட்டப் பாவையின் சிறிய பிரதி அது.

பார்த்தவர் யாவரும் வியந்தனர். வியப்பு அடங்குமுன்பே வழக்கு ஒன்று எழுந்தது. சித்திரம் பயிலும் மாணவன் ஒருவன், தான் புத்தகத்திலே கண்ட அரசனின் முடி இதனினும் அகலமானது என்றும், உடையின் சிவப்பு இத்தனை மினுக்கம் உடையதன்று என்றும் குறை கூறினான். பௌதிகம் பயிலும் மற்றொருவன் முடியைப் பார்க்கவே இல்லை. நூல்களைக் கையிலே பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, “சேர், இந்த ராசா கும்பிடமாட்டார், இவரைச் சும்மா தூக்கித்தான் வைச்சிருக்கலாம்” என்றான். இருவரும் என்னைத் தீர்ப்புக் கேட்டனர். பிரதி ஒன்று அசலை எவ்வளவு ஒத்திருத்தல் வேண்டும்? எதிலே ஒத்திருத்தல் வேண்டும்? அன்று நான் உடனே விடை கூறவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

எது அசல்?

பொம்மைப் பிரதிக்காக வாதிடுவது சிறுபிள்ளைத்தனம் என்று எவரும் எண்ணவேண்டா. மேல்நாடுகளிலே தொலைக்காட்சிப் பாவைகளின் பிரதிகளைப் பெருவிலை கொடுத்து வாங்கிச் சேர்ப்போர் பலர் உளர். கண்ணின் கருமணி எங்கே பார்க்கின்றது, கழுத்துப் பட்டிக்கு எத்தனை முனை என்று எண்ணிப் பார்த்தே அவர்கள் வாங்குவர். அன்புடைய ஒருவரின் முகத்தை மனத்திலே பதித்து வைத்திருப்பவன், அவருடைய படத்தில் மூக்குச் சற்றே கோணினாலும் பொறுக்கமாட்டான் அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

ஆயினும் அவர்கள் தேடும் அசல் யாது? அமெரிக்கப் பாவைக் கலைஞர் ஜிம் ஹென்சன் 1955ஆம் ஆண்டிலே தம் தாயாரின் பழைய மேலங்கியை வெட்டித் தைத்து, மேசைப்பந்து ஒன்றைப் பாதியாகப் பிளந்து கண்களாக வைத்து, ஒரு பாவையைச் செய்தார். உலகப் புகழ் பெற்ற ‘கெர்மிற்’ என்னும் தவளை அதுவே. வேடிக்கை யாதெனில், தொடக்கத்தில் அது தவளையே அன்று. பல்லி போலவும் பிறிதொன்று போலவும் தோன்றிய ஓர் உயிராகவே அது இருந்தது. பல ஆண்டுகள் சென்ற பின்னரே அது தவளையாயிற்று. கழுத்திலே கூர்முனைப் பட்டியும் ஏறிற்று. முதலிற் செய்த பாவை இன்று அமெரிக்காவின் சிமித்சோனியன் நூதனசாலையிலே பேணப்படுகின்றது. மேடைக்கும் படப்பிடிப்புக்கும் உதவியவை பின்னர் மீண்டும் மீண்டும் செய்யப்பட்டவை. ஆகவே கெர்மிற்றின் பிரதி வேண்டும் என்பவனிடம், எந்த ஆண்டுக் கெர்மிற் என்றே முதலிற் கேட்டல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பாவையின் முகம் வெறுந்துணி. உள்ளே புகுந்த கையின் விரல்கள் மடங்குந்தோறும் துணி சுருங்கிச் சினமும் நாணமும் ஏக்கமும் காட்டும். முகத்தின் வடிவை அணுவளவும் பிசகாமல் அளந்து, உள்ளே பஞ்சடைத்து இறுக்கிவிட்டால், தோற்றம் ஒத்திருக்கும், முகம் செத்திருக்கும். தோற்றத்திலே துல்லியம் தொழிலிலே பிழையாகும் விந்தை இது.

நம் மண்ணின் பாவைகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சிங்கள மக்கள் ‘ரூகட’ என்று வழங்கும் நூற்பாவை நாடகம், தென்கரையிலே அம்பலாங்கொடை, பலப்பிட்டி, மிரிசை ஆகிய ஊர்களிலே கம்வாரி என்னும் மரபினரால் வாழ்ந்து வருகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘நாடகம’ என்னும் நாட்டுக்கூத்து வழக்கொழிந்தபோது, அதன் பாட்டையும் கதையையும் இம்மரபினர் பாவைகளுக்கு உரியவாக்கிக்கொண்டனர். யுனெஸ்கோ நிறுவனம் 2018ஆம் ஆண்டிலே இக்கலையை மானிடப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. கூத்தாடிய மனிதர் மேடையை விட்டு இறங்கிய பின்பு, அவர்தம் ஆட்டத்தை மரப்பாவைகள் காத்து நின்றன. எண்ணிப் பார்த்தால் அப்பாவைகளே ஒருவகைப் பிரதிகள் அல்லவா?

தமிழகத்துப் பொம்மலாட்டத்துக்கு வேறொரு சிறப்புண்டு. அங்கே பாவைகள் நாலரை அடி வரை உயர்ந்தும் பத்துக் கிலோ வரை கனத்தும் இருக்கும். ஆட்டுபவர் தம் தலையிலே இரும்பு வளையம் ஒன்றை முடிபோல அணிந்துகொள்வார். பாவையைத் தாங்கும் நூல்கள் அவ்வளையத்திலே கட்டப்பட்டிருக்கும். கைகளைக் கம்பிகளால் இயக்குவார். அவர் தலை அசைந்தால் பாவையும் அசையும். வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்திலே, உள்ளத்தில் நாணம் இல்லாதவரின் நடமாட்டத்தை, கயிற்றால் இயங்கும் மரப்பாவை உயிருள்ளது போல மயக்குவதற்கு ஒப்பிட்டார். பாவையின் சிறப்பு உயிர்த்தோற்றமே என்பதை ஓர் உவமையிலே அவர் உணர்த்திவிட்டார்.

தோற்பாவையின் நிலை இன்னும் வேறு. கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியிலே, பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், கம்பராமாயணத்தைத் தழுவித் தோற்பாவைக் கூத்து நடைபெறுகின்றது. வெண்டிரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் எரியும் விளக்குகளின் ஒளியிலே, காண்போர் காண்பது பாவையை அன்று, அதன் நிழலையே. தோலிலே குத்திய துளைகள் வழியாக ஒளி புகுந்துதான் இராமனுக்கு அணிகலன் அமைகின்றது. வண்ணம் முழுவதும் பொருந்தித் துளைகள் மட்டும் பிழைத்த பிரதி, சுவரிலே அழகாயிருக்கும். விளக்கின் முன்னே இருண்டு போகும். கன்னட நாட்டுத் தோற்பாவைகளிலோ அரசரும் தெய்வங்களும் பெரிய உருவினர், ஏவலரும் எளியோரும் சிறிய உருவினர். அங்கே ஒருவர் உடலளவைத் ‘திருத்தி’ எல்லாரையும் ஒரே உயரமாக்கினால், அவர் கலையையே அழித்தவராவார்.

கணக்குச் சொல்லும் பாடம்

பௌதிக மாணவனின் முறைப்பாட்டுக்கு வருவோம். நாலரை அடிப் பாவையை ஒன்றரை அடியாகக் குறைத்தால், உயரம் மூன்றில் ஒன்றாகும். நீளம், அகலம், கனம் மூன்றும் அவ்வாறே குறைவதால், நிறை இருபத்தேழில் ஒன்றாகிவிடும். பத்துக் கிலோப் பாவை, ஏறத்தாழ 370 கிராம் நிறையுள்ள விளையாட்டுப் பொருளாகும். இத்துணை இலேசான உடல் நூலை இழுத்துப் பிடிக்காது. மூட்டுகளின் சிறு இறுக்கமே அதனை மறித்துவிடும். ஊசல் குறுகினால் விரைந்தாடும் என்பது நாம் வகுப்பிலே படிப்பது. மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள கை, பெரிய பாவையின் கையைவிட ஒன்றேமுக்கால் மடங்கு விரைவாக ஆடும். பெருமிதத்தோடு நடக்க வேண்டிய அரசன், பேருந்தைத் தவறவிட்டவன்போல் ஓடுவான்.

ஆகவே நல்ல தச்சன் என்ன செய்வான்? அளவுகோலை அப்படியே பின்பற்றமாட்டான். பாதங்களிலே ஈயத்தை வைப்பான். மூட்டுகளைச் சற்றே தளர்த்துவான். அசலில் இல்லாத இவற்றைச் சேர்த்தால்தான் அசலின் நடை பிரதிக்கு வரும். உண்மையாயிருப்பதற்காகவே சிறிது விலகுகின்றான் அவன்.

இதனாலே வண்ணமும் முடியும் எக்கேடு கெட்டாலும் குற்றமில்லை என்று கொள்ளலாமா? கூடாது. இங்கேதான் சித்திர மாணவனின் பக்கத்திலும் நீதி உண்டு. முடியின் வடிவைக் கொண்டே இவன் அரசன், இவன் அமைச்சன், இவன் கோமாளி என்று காண்போர் அறிகின்றனர். அவ்வடையாளம் பிழைத்தால் பாத்திரமே பிழைத்துவிடும். பாத்திரத்தை உணர்த்தும் அடையாளம், ஆட்டத்தைத் தரும் அமைப்பு ஆகிய இரண்டிலும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. உடையின் நெசவிலும் சிவப்பின் சாயலிலும் தச்சனுக்குச் சிறிது உரிமை கொடுக்கலாம்.

ஏடு கற்பித்த நெறி

தமிழாசிரியர்களாகிய எமக்கு இது புதிய வழக்கன்று. ஓலைச்சுவடியிலிருந்து நூல்களைப் பதிப்பித்தோர் இதனையே எதிர்கொண்டனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அக்காலத்துப் பதிப்பாசிரியர் கைக்குக் கிடைத்தவை ஏடெழுதுவோர் வழிவழியாகப் படியெடுத்த பிரதிகளே. ஏட்டுக்கு ஏடு வேறுபாடு இருக்கும். நேர்மையான பதிப்பாசிரியர், தாம் கொண்ட பாடம் இது, பிற ஏடுகளிற் காணும் பாடம் இது என்று குறித்துவைப்பார். தம் கற்பனையைப் புலவர் வாக்கென்று ஏமாற்றமாட்டார்.

பாவைப் பிரதிக்கும் இந்நெறி பொருந்தும். எந்தப் பாவையைப் பார்த்துச் செய்தது, எந்த ஆண்டிலே செய்தது, செய்தவர் யார், எங்கே மாற்றப்பட்டது என்னும் சிறு குறிப்பொன்று அதனோடு இருத்தல் வேண்டும். புகையூட்டியும் சாயமிட்டும் நேற்றுச் செய்ததை நூறாண்டுப் பழமை உடையதாகக் காட்டுவது ஒப்புமை அன்று, பொய். பிரதி என்று சொல்லிக்கொள்ளும் பிரதிக்கு எந்த நாணமும் வேண்டியதில்லை.

ஒரு பொம்மைக்கு இத்தனை கண்டிப்பா என்று சிலர் கேட்கலாம். வாங்குவோர் எதைக் கேட்கின்றனரோ அதையே செய்வோர் செய்வர். முகத்தின் மினுக்கத்தை மட்டும் நாம் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால், மூட்டு அமைக்கும் வித்தையைத் தச்சனின் மகன் கற்கவேண்டிய தேவை இல்லாது போகும். ஆட்டம் காணும் ஊர்கள் குறைந்து, சுவரில் மாட்டும் வீடுகள் பெருகும் காலத்திலே, கடையில் விற்கும் பிரதியே அவ்வித்தையின் கடைசிப் பள்ளிக்கூடமாகிவிடக் கூடும். 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. வேறோரிடத்திலே படி இருந்த நூலை நாம் மீண்டும் பெறலாம். படி எடுக்கப்படாத ஏட்டின் பெயரைக்கூட இன்று எவரும் அறியார். அசல் அழிந்த நாளிலே பிரதிதான் சாட்சி. பொய்ச்சாட்சியாக அது இருத்தல் கூடாது.

வாணி விழாவுக்குத் திரும்புவோம். அன்று மாலை இரு மாணவரும் அரசனை மேசைமேற் கிடத்திப் பரிசோதித்தனர். கைநூல்கள் மணிக்கட்டிலே கட்டப்படாமல் சட்டையின் துணியிலே தைக்கப்பட்டிருந்தன. பாவை குனிவதற்கு முதுகிலே ஒரு நூல் வேண்டும். அஃது இல்லவே இல்லை. பௌதிக மாணவன் முதுகிலே சிறு வளையம் அமைத்து நூல் கட்டினான். கைநூல்களை மணிக்கட்டுக்கு மாற்றினான். மீன்பிடிக்குப் பயன்படும் ஈயக் குண்டுகள் இரண்டைப் பாதங்களிலே சேர்த்தான். தோள்நூலைத் தளர்த்தி முதுகுநூலைப் பிடித்ததும், அரசன் மெல்லக் குனிந்து கலைமகளின் படத்துக்கு வணக்கம் செலுத்தினான். கொலுப்படி அடுக்கிக்கொண்டிருந்த சிறுவர் சிறுமியர் கைகொட்டி ஆர்ப்பரித்தனர்.

சித்திர மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. “கும்பிட்டாலும் முடி பிழைதான், சேர்” என்றான். பிழைதான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அவன் ஒரு சிறு அட்டையை எடுத்து, முடி அகலத்திற் குறைந்தது என்பதையும், முதுகுநூலும் ஈயமும் எம் கல்லூரியிலே சேர்க்கப்பட்டவை என்பதையும், ஆண்டையும் தன் அழகிய கையெழுத்தில் எழுதி, அரசனின் காலடியிலே வைத்தான்.

அன்று நான் கூறவேண்டிய தீர்ப்பை மாணவர் இருவரும் தாமே எழுதிவிட்டனர். பாவை ஆடவேண்டும், ஆடாத இடத்தை அட்டை சொல்லவேண்டும். அடுத்த முறை ஊர்சுற்றி வரும்போது பாவை ஒன்றைக் கையில் எடுக்கும் அன்பர்கள், முகத்தைப் பார்த்து மகிழ்ந்த பின்பு, நூலையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்களாக.